பச்சைன்னுதானே சொன்னே?

போன இடத்தில் அரை மணி நேரத்துக்குள் யாரோடாவது சண்டை போடாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது என்பார் என் வீட்டுக்காரர். ஹைதராபாத்தில் அது டாக்ஸி டிரைவரோடு அமைந்தது. காலை பத்து மணிக்கே வெயில் மண்டையைப் பிளந்தது. ஏசி போடப்பா என்றேன். “ஏசி நக்கோ அம்மா” என்றார் அவர். எனக்குச் சுருக்கென்றது. எங்கள் கரூரில் ஒரு பொம்பளையிடம் அப்படிச் சொன்னால் செருப்பு பறந்து வரும். “மரியாதையாப் பேசு” என்று கத்தினேன். மனுஷன் வண்டியை ஓரம் கட்டிவிட்டார். தபாலாபீஸில் இருந்தபோது பரீட்சைக்காகப் படித்த இந்தியை வைத்துக்கொண்டு விசாரித்ததில், நக்கோ என்றால் இங்கே வேண்டாம் என்று அர்த்தமாம். ஏசி கெட்டுப்போயிருக்கிறது, அதைத்தான் சொல்லியிருக்கிறார்.

“கைக்கு குஸ்ஸா, அம்மா?” என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். எதற்குக் கோபம் என்று அர்த்தம். முப்பத்திரண்டு வருஷம் கவுன்ட்டருக்குப் பின்னால் உட்கார்ந்து ஊரையே அதட்டியிருக்கிறேன். ஒருத்தரும் என்னை இப்படிக் கேட்டதில்லை. ஜன்னலை இறக்கிவிட்டு வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன்.

நான் வந்தது என் தம்பி சேகருக்காக. முப்பது வருஷம் இந்த ஊரில் குடியிருந்தான். ஒரு தடவைகூட எட்டிப் பார்க்காதவள், அவன் போய் ஒரு வருஷம் கழித்து வருகிறேன். ராமச்சந்திராபுரத்தில் பெரிய தொழிற்சாலை ஒன்றின் பெயிண்ட் ஷாப்பில் அவனுக்கு வேலை. ராட்சச இயந்திரங்களுக்குப் பெயிண்ட் அடிப்பான். லீவு நாளில், வெட்டிப்போட்ட இரும்புத் தகடுகளில் அதே பெயிண்டால் படம் வரைவான். அதில் ஒரு தகடு இப்போது மாதாப்பூரில் புதிதாகத் திறக்கிற கலைக்கூடத்தில் இருக்கிறது. பல தேசத்து ஓவியர்கள் கலந்துகொள்கிற கண்காட்சி, எல்லாம் ஒரே நிறத்தில்.

அவன் மகள் ஹாரிகா போனில் குரல் பதிந்து அனுப்பியிருந்தாள். கச்சிபௌலியில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற பெண். அப்பா பேசக் கேட்ட தமிழ் கொஞ்சம், மிச்சம் தெலுங்கு. “அத்தை, நான்னா பெயிண்டிங் வைக்கிறாங்க. மீரு தப்பகுண்டா… சாரி, நீங்க கண்டிப்பா வாங்க. எல்லாரும் பச்ச கலர்ல வரணும். பச்ச சீரை கட்டுங்க.” நான்னா என்றால் அப்பா. சீரை என்றால் சேலை. பச்சை நமக்குத் தெரிந்ததுதானே? ஆரணிப்பட்டில் கிளிப்பச்சை ஒன்று வைத்திருந்தேன், அதை எடுத்துக்கொண்டேன்.

எனக்கும் சேகருக்கும் ஆறு வருஷத்துக்கு முன்னாலேயே பேச்சு நின்றுவிட்டது. ஏன் என்று பிறகு சொல்கிறேன். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரே நாளில் நாலு தடவை போன் செய்தான். நாலு தடவையும் பெயரைப் பார்த்துக்கொண்டே அடிக்க விட்டேன். அப்புறம் ஒரு மெசேஜ் வந்தது: ‘அக்கா, ஒரு விஷயம் சொல்லணும். போன் எடு.’ எடுக்கவில்லை. போன வருஷம் அவன் செத்த சேதி வந்தபோது, வீட்டுக்காரருக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லி ஊரிலேயே இருந்துகொண்டேன். போயிருக்கலாம். போகவில்லை. அந்த விஷயம் என்னவென்று தெரியாமல் போனால் என் கட்டை வேகாது. அதற்காகத்தான் இந்தப் பயணம். படம் பார்க்க என்று ஊரில் சொன்னதெல்லாம் சாக்கு.

சேகரின் மனைவி வசுந்தரா போனில் வழி சொன்னாள். “லெப்ட்ல திரும்புங்க வதினா. பச்ச கேட் இல்லு.” இல்லு என்றால் வீடு. வதினா என்று நாத்தனார் முறைக்கும் சொல்வார்களாம். இடது பக்கம் திரும்பியதும் பளிச்சென்று ஒரு பச்சை கேட். டிரைவரை அனுப்பிவிட்டு, பெட்டியோடு உள்ளே போய் செருப்பைக் கழற்றி, கூடத்து நாற்காலியிலும் உட்கார்ந்துவிட்டேன். ஓர் அம்மாள் சமையலறையிலிருந்து வந்து, என்னைப் பார்த்து, ஒன்றும் கேட்காமல் ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்தார். குடித்து முடித்த பிறகுதான் நீங்கள் யார் என்று கேட்டார். நம்மூரில் முதலில் கேள்வி, அப்புறம்தான் தண்ணீர். சேகர் பெயரைச் சொன்னதும் அவர் முகம் மாறியது. என் பெட்டியை அவரே தூக்கிக்கொண்டு அடுத்த வீட்டில் கொண்டுபோய் விட்டார். அந்த வீட்டு கேட் மஞ்சள்.

“பச்சை கேட்டுன்னு சொன்னியேம்மா?” என்றேன் வசுந்தராவிடம். “இதிதானே வதினா” என்று அவள் தன் கேட்டைத் தட்டிக் காட்டினாள். நான் வாயை மூடிக்கொண்டேன். புருஷன் போன துக்கத்தில் புத்தி தடுமாறுகிறது, பாவம் என்று நினைத்தேன்.

மத்தியானம் சோறு, பப்பு என்கிற பருப்பு, கோங்கூரா என்கிற புளிச்சகீரை, அப்புறம் பச்சி புளுசு. காய்ச்சாத புளித் தண்ணீரில் வெங்காயமும் மிளகாயும் கிள்ளிப் போட்டது. நம்ம பச்சைப்புளி ரசமேதான். காரம் மட்டும் காதில் புகை வருகிற காரம். பச்சியும் பச்சையும் ஒன்று, அத்தையும் அத்தையும் ஒன்று, பாஷை பெரிதாக வேறில்லை என்று தைரியமாகிவிட்டது எனக்கு. வசுந்தரா பரிமாறிக்கொண்டே இருந்தாள். ஏன் வரவில்லை என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.

சாயங்காலம் மெல்லக் கேட்டேன். “மூணு வருஷம் முன்னாடி சேகர் எனக்குப் போன் பண்ணினான். எதுக்குன்னு தெரியுமா?” “ரேப்பு… நாளைக்குப் படம் பாருங்க வதினா. தெரியும்” என்றாள்.

மறுநாள் காலை ஐந்தரைக்கே விழித்துவிட்டேன். தெருமுனையில் கம்பெனி பஸ் நிற்கும் என்று தெரிந்து அங்கே போனேன். அந்த பஸ்ஸில்தான் அவன் போனான். காலை ஷிப்டுக்குப் போகிற வழியில், ஜன்னல் ஓரம், தலையைச் சாய்த்தபடி. தூங்குகிறான் என்று யாரும் எழுப்பவில்லை. வரிசையில் நின்றிருந்த ஒருவர் என்னை உற்றுப் பார்த்துவிட்டுத் தமிழில் பேசினார். தாத்தா காலத்தில் ரயில்வே வேலைக்கு வந்து இங்கேயே தங்கிவிட்ட குடும்பமாம்.

“நீங்க சேகர் அண்ணா அக்காவா? அதே மூக்கு.”

“ஆமாங்க.”

“ஹவ், ஆமா, சொல்லுவாரு. எங்க அக்கா போஸ்டாபீஸ்ல புலி, லெட்டர்ல பின்கோடு தப்பா இருந்தாக்கூட வீடு கண்டுபிடிச்சு அனுப்பிடும்னு. பஸ் பூரா உங்க கதைதான்.”

பஸ் வந்தது. ஏறிக்கொண்டார். அந்த ஜன்னல் எது என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை. அங்கேயே ஒரு டீக்கடையில் டீ குடித்தேன். சர்க்கரையை அள்ளிக் கொட்டியிருந்தார்கள். அழுகையோடு குடித்ததால் சரியாக இருந்தது.

இப்போது அந்தச் சண்டையைச் சொல்லிவிடுகிறேன். ஆறு வருஷத்துக்கு முன்னால் அம்மா என் வீட்டில் இறந்தாள். சேகருக்குப் போன் செய்தேன். அவன் அழுதுகொண்டே, “அக்கா, பீரோவில மேல் தட்டுல பச்சைப் புடவை இருக்கும். அதைத்தான் கட்டி அனுப்பணும்னு அம்மா என்கிட்டச் சொல்லியிருக்கா” என்றான். மேல் தட்டில் இரண்டு பட்டுப் புடவைகள். பச்சை, நான் அம்மாவுக்கு எடுத்துக் கொடுத்தது. மஞ்சள், அவன் முதல் சம்பளத்தில் எடுத்தது. அவன் சொன்னபடி பச்சையைக் கட்டினேன். என் புடவையைத்தான் அம்மா கேட்டிருக்கிறாள் என்று, சொல்ல வெட்கமாக இருக்கிறது, உள்ளூர ஒரு சந்தோஷம்கூட.

மறுநாள் வந்தவன் அம்மாவைப் பார்த்துவிட்டு, சொந்தக்காரர்கள் அத்தனை பேர் முன்னாலும் கேட்டான். “கடைசியா அவ கேட்ட ஒண்ணைக்கூட உன்னால செய்ய முடியலையா? உன் புடவையைக் கட்டிக்கிட்டுத்தான் போகணுமா?”

“நீ பச்சைன்னுதானே சொன்னே?”

“ஆமா, பச்சைன்னுதான் சொன்னேன்! இது என்ன?”

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. “பெயிண்ட் ஷாப்புல கிடந்து கிடந்து கண்ணு பொட்டையாப் போச்சா உனக்கு?” என்றேன். நிறத்தை வைத்துச் சோறு தின்கிறவனைப் பார்த்து அந்த வார்த்தை. பதினாறாம் நாள் காரியத்துக்குக்கூட இருக்காமல், சுடுகாட்டிலிருந்தே ரயிலுக்குப் போய்விட்டான்.

ஹைதராபாத்தில் அன்று மாலை, கண்காட்சிக்காக ஆரணிப்பட்டைக் கட்டிக்கொண்டேன். ஹாரிகாவும் வசுந்தராவும் வேறு சாமான்கள் கொண்டுபோக வேண்டும் என்று முன்னாலேயே கிளம்பிவிட்டார்கள். எனக்கு ஒரு டாக்ஸி சொல்லியிருந்தார்கள். ஒவ்வொரு சிக்னலிலும் கால் மணி நேரம். பக்கத்தில் ஒரு ஸ்கூட்டரில் இருந்த பையன் ஹெல்மெட்டுக்குள் போனைச் செருகிக்கொண்டு யாருக்கோ கணக்குப் பாடமே நடத்தி முடித்துவிட்டான். கண்ணாடிக் கட்டடங்களாகப் பார்த்துப் பார்த்துக் கழுத்து வலித்தபோது, அவற்றின் நடுவே உயரமில்லாத ஒரு வெள்ளைக் கட்டடத்தின் முன் வண்டி நின்றது.

உள்ளே கால் வைத்தவள் அப்படியே நின்றுவிட்டேன். கூடம் முழுக்க மஞ்சள். மஞ்சள் புடவை, மஞ்சள் சட்டை, மஞ்சள் துப்பட்டா. வாசலில் பூச்செண்டு கொடுக்கிற பெண்கூட மஞ்சள். சுவரில் மாட்டியிருந்தவையும் அப்படியே. அத்தனை பேருக்கும் நடுவில் நான் ஒருத்தி மட்டும் கிளி மாதிரி. எலுமிச்சைச் சட்டை போட்ட ஒரு வெள்ளைக்காரர் என்னைச் சுற்றிவந்து பார்த்துவிட்டுப் பக்கத்துப் பெண்ணிடம் ஏதோ கேட்டார். அந்தப் பெண் எனக்கு இந்தியில் சொன்னாள்: “நீங்களும் கண்காட்சியில் ஒரு பொருளா என்று கேட்கிறார்.”

ஹாரிகாவைக் கண்டுபிடித்தேன். மஞ்சள் சுடிதாரில் ஓடி வந்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“ஏண்டி, என்னைப் பார்த்தா உனக்கு விளையாட்டா இருக்கா? நீ பச்சைன்னுதானே சொன்னே?”

அவள் மிரண்டுபோய் என் புடவையைப் பார்த்தாள். “ஹவ் அத்தை, பச்சன்னுதான் சொன்னேன்.”

இதே கேள்வி. இதே பதில். வாயில் வந்த அடுத்த வார்த்தையைக் கடித்து விழுங்கினேன். “பச்சன்னா என்னடி?” என்று மட்டும் கேட்டேன்.

“இது” என்று தன் மஞ்சள் துப்பட்டாவைப் பிடித்துக் காட்டினாள். “உங்களோடது ஆகுபச்ச. ஆகுன்னா இலை. இலை கலர். சும்மா பச்சன்னா எங்களுக்கு இதான் அத்தை.” பிறகு என் முகத்தைப் பார்த்து, “அய்யோ, நான்னா சொன்னாரு, நான் மறந்துட்டேன், சாரி அத்தை, சாரி” என்று அழ ஆரம்பித்தாள்.

கையைப் பிடித்து ஒரு மூலைக்குக் கூட்டிப்போனாள். அங்கே மாட்டியிருந்தது என் தம்பியின் தகடு. ஒரு பீரோவின் மேல் தட்டு. அதில் மடித்து வைத்த ஒரு மஞ்சள் பட்டுப் புடவை, அரக்குக் கரை. கிரேனுக்கு அடிக்கிற அதே மினுமினுப்புப் பெயிண்ட். புடவைக்குப் பக்கத்தில் இன்னொரு புடவை இருந்த இடம் மட்டும் வெறும் இரும்பாக விடப்பட்டிருந்தது. கீழே சின்ன அட்டையில் தமிழிலும் தெலுங்கிலும் படத்தின் பெயர்: பச்ச.

தன் தமிழில் திக்கித் திக்கி ஹாரிகா சொன்னாள். மூன்று வருஷத்துக்கு முன்னால் அவளுக்கு மஞ்சள் காமாலை. டாக்டர் தெலுங்கில் பச்ச காமெர்லு என்றாராம். பக்கத்தில் நின்ற சேகர், மகளுக்குத் தமிழ் சொல்லிக் கொடுக்கிற பழக்கத்தில், “தமிழ்ல இதை மஞ்சள் காமாலைன்னு சொல்லணும்” என்று ஆரம்பித்தவன் பாதியில் நிறுத்திவிட்டானாம். சுவரைப் பிடித்துக்கொண்டு, “அய்யய்யோ, அக்காகிட்ட நான் பச்சைன்னு சொல்லிட்டேனே” என்று வாய்விட்டுச் சிரித்தானாம். அப்புறம் அழுதானாம். நர்ஸ் வந்து வெளியே அனுப்பிவிட்டாளாம்.

“ஹாஸ்பிடல் வராண்டாவுல இருந்துதான் உங்களுக்குக் கால் பண்ணாரு அத்தை. நாலு தடவை. நீங்க எடுக்கலை. அக்கா பிஸி, ஆபீஸ்ல கூட்டமா இருக்கும்னு சொன்னாரு.”

ஞாயிற்றுக்கிழமை அது. எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. கட்டிலில் படுத்துக்கொண்டு, அந்தப் போன் அடித்து ஓய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முப்பது வருஷம் தெலுங்கு வீடு, தெலுங்குப் பட்டறை. பெயிண்ட் டப்பாவைக்கூடப் பச்ச, ஆகுபச்ச என்று கேட்டு வாங்கியிருப்பான். அம்மா செத்த அன்று அவன் வாயில் எந்த பாஷை முன்னால் வந்ததோ அதைச் சொல்லியிருக்கிறான். அவன் தப்பாகச் சொல்லவில்லை, நானும் தப்பாகக் கேட்கவில்லை. அழுது வீங்கின கண்ணோடு இரண்டு பேரும் அம்மாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கத்தினோம். பின்கோடு தப்பாக இருந்தாலும் வீடு கண்டுபிடிக்கிறவளாம் நான். சேகரு, என்னை மன்னிச்சிடுடா என்று அந்தத் தகட்டைப் பார்த்துச் சொன்னேன். மஞ்சள் சட்டைக்காரர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். எலுமிச்சைச் சட்டைக்காரர் ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டார். நல்ல மனுஷன்.

வசுந்தரா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். “படத்துல இருக்கிற அந்தச் சீரை உங்ககிட்ட பத்திரமா இருக்கும்னு சொல்வாரு வதினா. அக்கா ஒண்ணையும் தூக்கிப் போடாது, ஹாரிகா பெள்ளிக்கு வாங்கிக்கணும்னு.” பெள்ளி என்றால் கல்யாணம். இரண்டு பேரும் என் முகத்தைப் பார்த்தார்கள்.

“இருக்கும்மா. பத்திரமா இருக்கு” என்றேன்.

மூன்றாம் நாள் காலை டிபனுக்கு வசுந்தரா பெசரட்டு, அதுதான் பாசிப்பயறு தோசை, போட்டாள். பாதியோடு எழுந்துவிட்டேன். வழியில் சாப்பிட ஒரு டப்பா புளிஹோரா கட்டிக் கொடுத்தாள். நம்ம புளியோதரைதான், நிலக்கடலை தாராளம். மஞ்சள் கேட் வரை வந்து என் கையைப் பிடித்தவள் விட மாட்டேன் என்கிறாள். ஹாரிகா அரை நாள் லீவு போட்டு ஸ்டேஷனுக்கு வந்தாள்.

ரயில் வந்து நின்றது. என் பெட்டியைச் சீட்டுக்கு அடியில் தள்ளிவிட்டு, “அடுத்த மாசம் கரூர் வரேன் அத்தை. பாட்டி சீரையை எனக்குக் கட்டி விடுங்க. ஒரு போட்டோ மட்டும். நான்னா படம் பக்கத்துல வைக்கணும்” என்றாள். அதே மூக்கு அவளுக்கும். அந்த மூக்கைப் பார்த்துக்கொண்டு இரண்டாம் தடவை பொய் சொல்ல என்னால் முடியவில்லை.

“புடவை இல்லடி.”

“அத்தை?”

“உங்க அப்பா கோவிச்சுக்கிட்டுப் போன மறு வாரமே பாத்திரக்காரர்கிட்டப் போட்டுட்டேன். வீட்டுல அது கண்ணுல படக்கூடாதுன்னு. நேத்து உன்கிட்டப் பொய் சொன்னேன்.”

அவளுக்குப் புரிய நேரமாயிற்று. பழைய பட்டைக் கொடுத்தால் எங்கள் ஊரில் பாத்திரம் தருவார்கள் என்று விளக்க வேண்டியிருந்தது. திட்டுவாள், இறங்கிப் போய்விடுவாள் என்று காத்திருந்தேன். அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

“என்ன பாத்திரம் அத்தை?”

“இட்லிப் பானை.”

“இருக்கா?”

“இருக்கு. தினம் அதுலதான் இட்லி.”

துப்பட்டாவால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். “அப்போ அதை எனக்குக் கொடுங்க. பெள்ளிக்கு” என்றாள். ரயில் நகர்ந்தது. இறங்கி, வண்டியோடு கொஞ்ச தூரம் நடந்தாள், அப்புறம் நின்றுவிட்டாள். கை காட்டினாளா என்று தெரியவில்லை. எனக்குக் கண் மறைத்துவிட்டது.

ஊர் வந்து சேர்ந்து பத்து நாளாயிற்று. இன்னும் இட்லி ஊற்றவில்லை. வீட்டுக்காரர் தினமும் உப்புமாவைப் பார்த்து முகம் சுளிக்கிறார், காரணம் கேட்கவில்லை. பானையைப் புளி போட்டுத் துலக்கி, பீரோவின் மேல் தட்டில் வைத்திருக்கிறேன். போன் அடித்தால் முதல் மணியிலேயே எடுத்துவிடுகிறேன், பெயர்கூடப் பார்ப்பதில்லை. பெரும்பாலும் லோன் வேண்டுமா என்று கேட்கிற பெண்தான். அவளிடமும் சாப்பிட்டியாம்மா என்று இரண்டு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் வைக்கிறேன்.